தாய்மாமன் சொன்ன யோசனை

நம் பக்கத்துக் குப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், மேடம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மழையே பெய்யாத மாவட்டத்துக் குப்பையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். வாழை இலை, இளநீர் மட்டை, மீன் கழிவு, கோயில் மாலைகள் எல்லாம் ஈரம்தான். கோயில் தீவுக்கு வருகிற யாத்ரீகர்கள் கடலில் முங்கிவிட்டுக் கரையிலேயே விட்டுப்போகும் வேட்டி சேலைகள் லாரி லாரியாக வரும். அதில் உப்பு வேறு ஊறியிருக்கும். அப்படிப்பட்ட துணியை எரிப்பது எவ்வளவு சிரமம் என்று அடுப்பு மூட்டத் தெரிந்த யாருக்கும் புரியும்.

நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டது தொழில்நுட்பக் கருத்துக் கேட்க. கீரியேந்தல் குப்பை எரிப்பு ஆலையில் என்ன கோளாறு ஆனது, அந்தக் குழந்தை இறந்ததற்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆலோசகர் என்ற முறையில் நான் விளக்க வேண்டும். விளக்குகிறேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குச் சரியாகப் புரியும். பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மதுரையில் சின்னதாக ஓர் ஆலோசனை நிறுவனம் வைத்திருக்கிறேன். ஊர்க் குப்பையை என்ன செய்வது என்று நகராட்சிகளுக்கு யோசனை சொல்வது எங்கள் வேலை. நான் எதையும் கட்டுவதில்லை, எதையும் ஓட்டுவதில்லை. இடம் பார்ப்பேன், திட்டம் போடுவேன், ஆலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பேன். அவ்வளவுதான்.

சொந்த ஊர் கடலாடிப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய்க் காடு இருந்தது. அம்மாவும் அய்யாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தங்கை வீரலட்சுமியை நான்தான் கட்டிக்கொடுத்தேன், கீரியேந்தலில். மாப்பிள்ளை தங்கமான பையன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போனவரை ஒரு மீன் லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அப்போது சிநேகா கைக்குழந்தை.

"என்கூட மதுரைக்கு வந்துருத்தா" என்று கூப்பிட்டேன்.

"இல்லண்ணே, அவுக வீட்டுலயே இருந்துக்கிர்றேன். நீ அப்பப்ப வந்து பாத்துக்க, அது போதும்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் இரண்டு பேரும்தான் என் குடும்பம். சிநேகாவுக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். குத்தும்போது அவள் அழவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, குத்துகிறவரை முறைத்துப் பார்த்தாள்.

ஆலை வருவதற்கு முன்னால் குப்பை எங்கே போனது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடற்கரை ஓரத்தில் மலை மாதிரிக் கொட்டிவைத்திருந்தார்கள். அது வருஷம் முழுக்க உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். பக்கத்து மீனவர் தெருவில் இருமல் இல்லாத பிள்ளை கிடையாது. அங்கே ஒரு வீட்டில் தொட்டில் துணியை உதறினார்கள், சாம்பல் உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் திட்டம் போட்டேன். சுற்றியுள்ள ஊர்களின் குப்பையெல்லாம் ஒரே இடத்துக்கு வர வேண்டும். மூடிய உலையில் எரிய வேண்டும். புகையை வடிகட்ட வேண்டும், சூட்டில் மின்சாரம் எடுக்க வேண்டும். நல்ல திட்டம் மேடம். இப்போதும் சொல்கிறேன்.

இடத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். கீரியேந்தலுக்கு வடக்கே சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்த புறம்போக்கு. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் காற்று ஊரைப் பார்த்து வரும். மற்ற மாதங்களில் தொந்தரவு இல்லை. வருஷக் கணக்கில் சராசரி பார்த்தால் ஏற்ற இடம்தான்.

ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பஞ்சம்மாள் என்று ஒரு விவசாயக் கூலிப் பெண், ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர் எழுந்து, "ஊரு ஒலகத்துக் குப்பையெல்லாம் எங்க தலையிலதான் கொட்டணுமா? ஒங்க மதுரையிலயே வச்சு எரிங்களேன்" என்றார். சத்தம் கூடிவிட்டது. அதிகாரிகள் எழுந்து போகத் தயாரானார்கள். நான் மைக்கை வாங்கினேன்.

"என் கூடப்பொறந்த தங்கச்சி இந்த ஊர்லதான் இருக்கா. என் மருமக இந்தக் காத்தத்தான் குடிச்சு வளரப்போறா. ஆபத்துன்னா நான் விடுவேனா?" என்றேன்.

பஞ்சம்மாள் திரும்பி, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வீரலட்சுமியைப் பார்த்தார். "ஏத்தா, ஒங்கண்ணன் சொல்றது நெசந்தானா?"

"எங்கண்ணன் பொய் சொல்லாது" என்றாள் அவள்.

கூட்டம் அதோடு முடிந்தது. அதன் பிறகு என் அறிக்கையை அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. என் தங்கை வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிநேகாவுக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு உண்டு. பனிக் காலத்தில் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். மருந்தை மூச்சோடு எப்படி உள்ளே இழுக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு படித்தாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை அந்த ஊரில் முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். வீட்டில் இரண்டு வாளி வைத்துக் குப்பையைப் பிரிப்பாள். அவள் அம்மா மறந்துபோய் வாழைப்பழத் தோலை மாற்றிப் போட்டுவிட்டால் எடுத்து வந்து என்னிடம் காட்டுவாள். "இது ஈரம். இது ஒன் மிஷினுக்கு ஆகாதுல்ல மாமா?"

ஒருமுறை ஆலைக்குக் கூட்டிப்போனேன். உலையில் ஒரு கண்ணாடித் துவாரம் உண்டு. தூக்கிக் காட்டினேன். உள்ளே தீயைப் பார்த்துவிட்டு, "இங்கன யாரு மாமா சமைக்கிறா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற சதக் சிரித்துவிட்டார். "நாங்கதாம்மா. ஊருக்கெல்லாம் கரண்டு சமைக்கிறோம்" என்றார். இப்போது நீங்கள் கைது செய்து வைத்திருக்கிறீர்களே, அதே சதக்தான். ஆலையின் பொறியாளர். பெரியபட்டினத்துக்காரர். வெளிநாட்டில் கொதிகலன் வேலை பார்த்துவிட்டு, பெண் குழந்தை பிறந்ததும் ஊரோடு இருக்கலாம் என்று வந்தவர். எனக்குத் தெரிந்த பொறியாளர்களில் நேர்மையானவர்.

கோளாறுக்கு வருகிறேன். ஆலையை ஒப்படைப்பதற்கு முன் சில நாள் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை ஈரக் குப்பையால் நின்றுபோயிருந்தது. இந்தத் தடவையும் நின்றால் திட்டத்தையே கைவிட்டுவிடுவோம், குப்பை பழையபடி கடற்கரைக்கே போகட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அது மார்கழி மாதம். வாடை அடித்துக்கொண்டிருந்தது.

புகையில் விஷச் சாம்பல் இருக்கும். வரிசையாகத் தொங்கும் நீளமான துணிப் பைகள் அதை வடிகட்டும். ஈரப் புகை பட்டுப் பட்டு அந்தப் பைகள் அடைத்துக்கொண்டன, பல கிழிந்தும் போயின. அந்த மாதிரி நேரத்துக்கென்று பைபாஸ் உண்டு. அதைத் திறந்தால் புகை வடிகட்டாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். உலையை அணைத்து ஆறவைக்கும் வரைக்கும்தான் அதைத் திறக்கலாம். ஓட்டுவதற்குத் திறக்கக் கூடாது.

சதக் போன் செய்தார். "சார், பையெல்லாம் போச்சு. உலைய நிறுத்திர்றேன்."

"நிறுத்தாதீங்க. பைபாஸ்ல ஓட்டுங்க. புதுப் பை மதுரையிலருந்து கெளம்பிருச்சு."

"சார், வாடை அடிக்குது. பொக நேரா ஊருக்குள்ள எறங்குது சார்."

"நான் பொறுப்பு. ஓட்டுங்க."

"அல்லா பொதுவுல சொல்றேன் சார், இது சரியில்ல. நீங்க சொல்றதால செய்றேன்" என்றார்.

புதுப் பைகள் கிளம்பவில்லை. பை வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார்.

கீரியேந்தல் பள்ளிக்கூட மாடியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் எண்ணைத் தெருவில் ஒரு பலகை காட்டும். பச்சை என்றால் நல்ல காற்று, சிவப்பு என்றால் கெட்ட காற்று. மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று நான்தான் வைக்கச் சொன்னேன். அன்று அந்தப் பலகையை மட்டும் அணைக்கச் சொன்னேன். சிவப்பைப் பார்த்தால் பயப்படுவார்கள். பயந்தால் இளைப்புக்காரர்களுக்கு இன்னும் மூச்சு வாங்கும். அதை யோசித்துத்தான் செய்தேன்.

அன்று சாயங்காலம் வீரலட்சுமி கூப்பிட்டாள். "அண்ணே, பொகை தாங்க முடியல. கண்ணெல்லாம் எரியுது. சிநேகாவுக்கு ரொம்ப இளைக்கிது. கடலாடில நாத்தனா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"வேணாந்தா. சன்னல அடச்சு வையி. மருந்தக் கூட ஒரு தடவ குடு. நாளைக்குக் காலையில நான் வாரேன்" என்றேன்.

"சரிண்ணே. நீ சொன்னாச் சரி" என்றாள்.

மறுநாள் காலையில் போனேன். ஊருக்குள் நுழையும்போதே காருக்குள் ரப்பர் கருகும் வாடை வந்துவிட்டது. பனியும் புகையும் சேர்ந்து தரையோடு படுத்திருந்தன. தெருவில் ஒரு டிராக்டர் நின்றது. பெட்டியில் பாய், பாத்திரம், கைப்பிள்ளைகளோடு நாலைந்து பெண்கள் ஏறியிருந்தார்கள். பஞ்சம்மாள் என் காரை மறித்து நின்றார்.

"வீரலட்சுமி கெளம்புறாளா இல்லையா? மொதல்ல அதச் சொல்லுப்பா. அவ இருந்தா நாங்களும் இருக்கோம். அவ போனா, புள்ளைகள வெளியூருக்கு அனுப்பிட்டு நாங்க போயி ரோட்டுல உக்காந்துருவோம்."

ரோட்டில் உட்கார்ந்தால் குப்பை லாரி வராது. லாரி வராவிட்டால் உலை நின்றுவிடும். அது சரியான கணக்குதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் வீரலட்சுமி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சிநேகா கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. உதட்டைச் சுற்றி லேசாக நீலம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மாமா... தெருவுல... நம்பர் பெட்டி எரியல."

"ரிப்பேருத்தா. நாளைக்கு எரியும்."

அவள் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நீ... ஈரக் குப்பையப் போட்டுட்டியா மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா. கொஞ்சம் போட்டுட்டேன்."

"அதான்" என்றாள்.

வீரலட்சுமி பையின் ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். "கெளம்பவாண்ணே? பஸ்ஸு வர்ற நேரந்தான்."

"நீ கெளம்புனா ஊரே கெளம்பிரும்த்தா. நாளைக்குச் சாயங்காலத்தோட எல்லாம் முடிஞ்சிரும். நானே ரெண்டு பேரையும் கார்ல கூட்டிட்டுப் போறேன். ராம்நாட்டுல நல்ல டாக்டரப் பாப்போம். ஒருநா பொறுத்துக்க."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஜிப்பைத் திறந்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை, உங்களுக்கு முன்பு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லவில்லை. சிநேகாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனேன். டிராக்டர் வரைக்கும் நடந்தேன். "பாருங்க, என் மருமக எங்கயும் போகல. இது மார்கழிப் பனி. நாளைக்குச் சரியாயிரும். வீட்டுக்குப் போங்க" என்றேன். "பஞ்சம்மா ஆத்தாவுக்கு டாட்டா சொல்லுத்தா" என்றேன். அவள் என் கழுத்தில் முகத்தை வைத்தபடியே கையைத் தூக்கி ஆட்டினாள்.

பஞ்சம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். டிராக்டர் பக்கம் திரும்பி, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பெண்கள் பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தார்கள்.

சாக்குக்குள் அடைத்த கோழி மாதிரி அவள் நெஞ்சு என் தோளில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் என் சட்டைப் பையிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட மாடிக் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது மேடம். பலகைதான் அணைந்திருந்தது. எண்கள் என் போனுக்கு வந்துகொண்டிருந்தன. அந்த அளவுக் காற்றில் நல்ல நெஞ்சுக்காரர்களே வெளியில் நிற்கக் கூடாது என்று எங்கள் தொழிலில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, மருந்தை ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, சொன்னபடி இழுத்தாள். நான் ஆலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் வீரலட்சுமி கூப்பிட்டாள். ஷேர் ஆட்டோவில் இராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. "அண்ணே, புள்ள பேச மாட்டேங்குறாண்ணே" என்றாள். "நீ வந்து கூப்புடுண்ணே. நீ கூப்புட்டா பேசுவா" என்றாள்.

நான் அப்போது ஆலையில் அதிகாரிகளோடு இருந்தேன். ஓட்டம் முடியச் சாயங்காலம் ஆகும். உடனே கிளம்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கிளம்பியிருந்தால் அவள் எழுந்திருப்பாளா? நான் இருந்தேன். எல்லாம் முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். ஒருவர் லட்டு கொடுத்தார், வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் இராமநாதபுரம் போனேன். தாய்மாமன்தானே கோடித் துணி எடுக்க வேண்டும். அந்த வயதுக்குச் சேலை கிடையாது. கடைக்காரர் பாவாடை சட்டைகளை எடுத்துப் போட்டார். பச்சையில் ஒன்று பிடித்திருந்தது. "பொங்கலுக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அளவு பத்தலன்னா மாத்திக்கலாம் சார்" என்றார்.

வீரலட்சுமி அதை என் கையிலிருந்துதான் வாங்கினாள். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். புதைக்கும் இடம் வரைக்கும் நான்தான் தூக்கிப்போனேன். அன்று தெருவில் தூக்கியதைவிடக் கனமாக இருந்தாள். தோள்பட்டையில் இந்த இடம், அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட இடம், இப்போதும் தூங்க விடுவதில்லை. டாக்டர் தசைப்பிடிப்பு என்கிறார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பைபாஸ் திறந்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஆலைக்குச் சீல் வைத்தார்கள். சதக் எனக்குத் தெரியாமல் திறந்துவிட்டார் என்று நான் எழுதிக்கொடுத்தேன். அவர் மேல் புகார் கொடுக்க வீரலட்சுமியை நான்தான் காவல் நிலையத்துக்குக் காரில் கூட்டி வந்தேன். அவர் மனைவி நஃபீசா, மகள் சுஹாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுரைக்கே வந்தார். "சார், அவரு உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. அவரு போன்ல பேசுனப்ப எதுக்கால நின்னு நான் கேட்டேன். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார்" என்றார். பார்க்கலாம் என்றேன். அவர் என் தங்கையிடமும் போயிருக்கிறார். அன்று வீரலட்சுமி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நீ சொல்லித்தான் தெறந்தேன்னு அந்தாளு சொல்றானாம். அந்தப் பொம்பள வாசல்ல நிக்கிது. பொய்தானண்ணே?"

"பொய்தாந்தா."

"அது போதும்ண்ணே" என்று வைத்துவிட்டாள்.

இதுதான் நடந்தது. பைபாஸைத் திறக்கச் சொன்னது நான். பலகையை அணைக்கச் சொன்னது நான். கிளம்பியவளை நிறுத்தியது நான். காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அந்தக் குழந்தையைத் தூக்கிப்போய் ஊருக்குக் காட்டியதும் நான்தான். அவள் தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். குழந்தைகள் பொதுவாகத் தாங்கிவிடுவார்கள். சதக் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். அவர் வந்தால்தான் ஆலையைத் திரும்ப ஓட்ட முடியும். குப்பை இப்போது கடற்கரையில் எரிந்துகொண்டிருக்கிறது, அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்தான். வெளியே பெஞ்சில் வீரலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். எனக்காகச் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் இங்கே சொன்னதை அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை மேடம், அவளுக்காகத்தான் கேட்கிறேன். புருஷனும் போய்விட்டான், பிள்ளையும் போய்விட்டது. இனிமேல் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?